அரசாங்கம் "பயங்கரவாதி" என்று சொன்னால் போதுமா? நீதிமன்றம் வேண்டாமா?

செந்தூல் குமரன்:

ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு வந்தது. "பயங்கரவாதிக்கு எதுக்குக் கோர்ட்டு?" என்று ஒருவர் போட, மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே நீட்டிப் பேச முடியாது, அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

அன்வர் அல்-அவ்லாகி கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். ஏமன் வம்சாவளி, ஆனால் பிறந்தது அமெரிக்காவில், அமெரிக்கக் குடிமகன். பள்ளிவாசலில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர், பிற்பாடு ஏமனுக்குப் போய் அல்-காயிதாவோடு சேர்ந்தார். 2011 செப்டம்பர் 30ஆம் தேதி சிஐஏ ட்ரோன் தாக்குதலில் செத்தார். கூடச் செத்த சமீர் கானும் அமெரிக்கக் குடிமகன்தான். இரண்டு வாரம் கழித்து அவ்லாகியின் மகன், 16 வயது, அவனும் அமெரிக்காவில் பிறந்தவன், வேறொரு ட்ரோன் தாக்குதலில் செத்தான். அவனைக் குறிவைக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். சரி, குறிவைக்காமல் செத்தவன் யாரிடம் போய்க் கேட்பான்?

அவ்லாகி உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் கொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் ஏறிவிட்டது என்ற செய்தி வெளியானது. அவருடைய அப்பா 2010இல் வாஷிங்டனில் வழக்குப் போட்டார். நீதிபதி ஜான் பேட்ஸ் அந்த டிசம்பரிலேயே தள்ளுபடி செய்துவிட்டார். மகனுக்காக அப்பா வழக்காட முடியாது, இது நீதிமன்றம் தலையிடும் விஷயமும் அல்ல என்றார். ஆனால் அதே தீர்ப்பில் அவரே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் ஓர் அமெரிக்கனின் பேச்சை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டும்; அவனைக் கொல்ல முடிவெடுத்தால் மட்டும் நீதிபதி எட்டிப் பார்க்கவே கூடாதாம், இது எப்படி? கேட்டுவிட்டு வழக்கை மூடிவிட்டார்.

அவ்லாகி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பேச்சைக் கேட்டவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். அரசாங்கம் தன் சொந்தக் குடிமகனைப் பயங்கரவாதி என்று தானே முடிவு கட்டி, தானே கொன்று, செய்தது சரி என்றும் தானே சொல்லிக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவும் சட்டப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதனால் இது அமெரிக்காக்காரன் கவலை மட்டும் இல்லை.

பிறை மணியம்:

தம்பி குமரா, நான் ராணுவத்தில் இருந்தவன். 1989இல் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியோடு ஹாட்யாயில் சமாதானக் கையெழுத்துப் போட்டு முடிகிறவரை காட்டில் இருந்தவர்களில் நானும் ஒருவன். எதிரில் துப்பாக்கியோடு நிற்கிறவனின் ஐசி (அடையாள அட்டை) குடிமகனின் நீலமா, மற்றவரின் சிவப்பா என்று பார்த்துவிட்டு யாரும் சுடுவதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் நின்று சண்டை போட்டவர்களையும் லிங்கன் தன் குடிமக்கள் என்றுதான் சொன்னார். அவர்களைச் சுட வாரண்ட் எடுத்தாரா? குடிமகன் எதிரிப் படையில் சேர்ந்தால் எதிரிதான். ஏமன் மலையில் உட்கார்ந்துகொண்டு விமானத்தில் குண்டு வைக்க ஆள் அனுப்புகிறவனுக்கு யார் போய் சம்மன் கொடுப்பது?

"பிடித்து வாருங்கள்" என்று சொல்வது சுலபம். 2015 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் மாமாசாபானோவில் என்ன நடந்தது? தேடிப் போனது நம் ஊர்க்காரன், வெடிகுண்டு செய்கிற சுல்கிப்ளி பின் ஹிர், மார்வான் என்பார்களே, அவனை. ஆள் முடிந்தான், ஆனால் 44 போலீஸ்காரர்கள் செத்தார்கள். அந்த 44 வீட்டுக்காரர்களிடம் போய்ச் சட்டம் பேசுங்கள், பார்க்கலாம். இந்தோனேசியக் குண்டுவெடிப்புகளுக்காகத் தேடப்பட்ட அசஹாரி 2005இல் கிழக்கு ஜாவாவில் செத்தான், அவன் கூட்டாளி நூர்டின் தோப் 2009இல் சோலோவில் செத்தான். இரண்டு பேரும் மலேசியர்கள். நம் நாட்டில் யாராவது அழுதோமா?

கறுப்புக்கோட்டுக்காரி (கே.எல்.):

மணியம் அண்ணே, எதிரில் துப்பாக்கியோடு நிற்கிறவனைப் பற்றி இங்கே யாருக்கும் சண்டை இல்லை. அசஹாரியும் நூர்டினும் செத்தது போலீஸ் சுற்றி வளைத்து, இரண்டு பக்கமும் சண்டை நடந்தபோது. அது வேறு. அவ்லாகி விஷயத்தில் பெயர் முதலில் பட்டியலில் ஏறியது, அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தேடினார்கள். அவ்வளவு அவகாசம் இருந்தும் ஒரு காகிதத்தை நீதிபதி முன்னால் வைக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை என்றால் நம்ப முடியவில்லை.

அமெரிக்க நீதித்துறையின் குறிப்பு ஒன்று 2013 பிப்ரவரியில் வெளியே கசிந்தது. மூன்று நிபந்தனைகள். விவரம் தெரிந்த உயர் அதிகாரி ஒருவர், இந்த ஆளால் உடனடி ஆபத்து என்று முடிவு செய்ய வேண்டும். பிடிப்பது சாத்தியமில்லை என்றிருக்க வேண்டும். போர்ச் சட்ட விதிகளை மீறக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கீழே போய்ப் படித்தால், "உடனடி" என்பதற்கு, கூடிய சீக்கிரத்தில் இன்ன தாக்குதல் நடக்கப்போகிறது என்ற தெளிவான ஆதாரம் தேவையில்லை என்கிறது. முதல் நிபந்தனையை அங்கேயே கரைத்துவிட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் அன்றைய அமெரிக்கச் சட்டத்துறைத் தலைவர் எரிக் ஹோல்டர் ஒரு பல்கலைக்கழகத்தில் பேசும்போது, சட்ட நடைமுறையும் நீதிமன்ற நடைமுறையும் ஒன்றல்ல, அரசியலமைப்பு உறுதியளிப்பது முதலாவதைத்தான் என்றார். அதாவது அதிகாரிகள் அறைக்குள் உட்கார்ந்து கவனமாக யோசித்தால் அதுவே நடைமுறை. ஆனால் 2004இல் ஹம்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஆப்கானிஸ்தானில் பிடிபட்ட அமெரிக்கக் குடிமகன் அவன். அவனை எதிரி என்று சொல்லி அடைத்து வைத்தால், நடுநிலையான ஒருவர் முன்னால் அதை மறுத்துப் பேச அவனுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது. அடைத்து வைக்கவே அவ்வளவு வேண்டும், கொல்வதற்கு வேண்டாமா?

இன்னொன்று. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிமருந்து வைத்துப் போன நைஜீரியப் பையன் அப்துல்முத்தல்லப் ஞாபகம் இருக்கிறதா? கையும் களவுமாகப் பிடிபட்டவன். அவனுக்கு வக்கீல் கிடைத்தது, நீதிபதி கிடைத்தார், 2012 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை. அந்தத் தண்டனைக்காக அரசுத் தரப்பு தாக்கல் செய்த மனுவில்தான், அவ்லாகி இந்தச் சதியில் நேரடியாக என்னென்ன செய்தார் என்று விரிவாக எழுதினார்கள். அவ்லாகி செத்து நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுத்துப் பேச ஆள் இல்லாத பிறகு ஆதாரம் நீதிமன்றத்துக்கு வருகிறது. குண்டு வைத்துப் போனவனுக்கு விசாரணை, வைக்கச் சொன்னதாகச் சொல்லப்பட்டவனுக்கு ஏவுகணை.

கெப்போங் காளை:

படிக்கவே மூச்சு வாங்குது லா. ஒரே கேள்வி, உங்க வீட்டு ஆள் அந்த விமானத்தில் இருந்தா இதையே பேசுவீங்களா?

கறுப்புக்கோட்டுக்காரி (கே.எல்.):

என் வீட்டு ஆள் அந்தப் பட்டியலில் தப்பாக ஏறியிருந்தால் என்று நீங்களும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

ரவாங் பேரன்:

நான் இந்த இழையை வாசித்துவிட்டு ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன். ஆனால் "நம் நாட்டில் யாராவது அழுதோமா" என்று மணியம் அண்ணன் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அழுதோம் அண்ணே. 1949இல்.

எஸ்.ஏ. கணபதி பெயரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், பிறகு அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில், காட்டில் இருந்த கம்யூனிஸ்ட்களை அடக்க என்று பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயாவில் அவசரகாலம் அறிவித்தது. சம்மேளனத்தின் பதிவு போனது. அவசரகால விதிப்படி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் அவரைப் பிடித்தபோது ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. கிடந்ததை எடுத்தேன், போலீஸில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு. அதே மாதத்தில் கோலாலம்பூரில் மரண தண்டனை. நேரு அரசாங்கம் லண்டன் வரைக்கும் பேசிப் பார்த்தது. மே 4ஆம் தேதி புடு ஜெயிலில் தூக்கில் போட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் மால் நிற்கிறது, ஜெயில் வாசலை மட்டும் இடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற நம் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

அதற்கு முதல் நாள், மே 3ஆம் தேதி, இன்னொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனை நெகிரி செம்பிலானில் பாதுகாப்புப் படை சுட்டுக் கொன்றது. விசாரணை கிடையாது, ஒன்றும் கிடையாது.

இரண்டு பேரையும் அன்றைய அரசாங்கம் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தது. எங்கள் தாத்தா தோட்டத்தில் இருந்தவர். முள்கம்பி வேலி போட்ட காலத்தைப் பற்றி நிறையச் சொல்வார். பால்மரம் வெட்டப் போகும்போது வாசலில் நிறுத்தி மடியைத் தட்டிப் பார்ப்பார்களாம், ஒரு பிடி சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாதாம், காட்டில் இருக்கிறவனுக்குப் போய்விடுமாம். இவ்வளவும் சொல்வார், இந்த இரண்டு பேரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பெயரைச் சொன்னால் நம்மையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம், மெர்டேக்கா (சுதந்திரம்) கிடைத்து முப்பது நாற்பது வருடம் ஆன பிறகும் போகவில்லை.

பிறை மணியம்:

கணபதியைப் பற்றி எங்கள் அப்பாவும் சொல்லியிருக்கிறார். ஆனால் தம்பி, நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தான் பேசுகிறது. கணபதிக்குக் கோர்ட்டு கிடைத்தது. வக்கீல், அப்பீல் எல்லாம் இருந்தது. என்ன ஆனது? வீரசேனனுக்குக் கோர்ட்டு இல்லை. அவருக்கும் அதேதான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள். அரசாங்கம் கொல்ல முடிவு செய்துவிட்டால் நீதிமன்றம் வெறும் சடங்கு. பின்னே எதற்கு அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

லட்சுமி டீச்சர் (பட்டர்வொர்த்):

மணியம் அண்ணே, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. என் பதில் இது. கணபதியின் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று நாம் இன்றைக்கும் வாதாடுகிறோமே, எதனால்? அவர் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியும். அரசாங்கம் அவரைத் தூக்கில் போட்டது, ஆனால் அவர் சொன்னதை அழிக்க முடியவில்லை. வீரசேனன் கடைசியாக என்ன சொன்னார்? சுட்டவர்கள் சொன்னதைத் தவிர வேறெதுவும் நம்மிடம் இல்லை. சரணடைய வந்தாரா, ஓடினாரா, கையில் ஆயுதம் இருந்ததா, எதையுமே நம்மால் எதிர்த்துக் கேட்க முடியாது. கேட்பதற்குக் கைப்பிடி வேண்டுமே. மட்டமான விசாரணையாக இருந்தாலும் அந்தக் கைப்பிடியைக் கொடுக்கிறது.

அப்புறம், எல்லா நேரமும் சடங்கு என்றும் சொல்ல முடியாது. 2019 அக்டோபரை மறந்துவிட்டீர்களா? விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி, சொஸ்மா என்கிற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள், காடேக்கின் சாமிநாதன், சிரம்பான் ஜெயாவின் குணசேகரன். அன்றைக்கு இதே மாதிரிக் குழுக்களில், நம் ஆட்களே, "நெருப்பில்லாமல் புகையுமா" என்று எழுதினார்கள். அப்போது சொஸ்மாவில் 28 நாள் வரை போலீஸே வைத்துக்கொள்ள முடிந்தது, குற்றம் சாட்டிய பிறகு ஜாமீனும் கிடையாது. சாமிநாதன் வழக்கில் நவம்பர் 29ஆம் தேதி உயர்நீதிமன்றம் அந்த ஜாமீன் தடை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டையும் கைவிட்டார். கைத்தொலைபேசியிலும் முகநூலிலும் செத்துப்போன தலைவர்களின் படம் வைத்திருப்பதை வைத்துக்கொண்டு தண்டனை வாங்க முடியாது என்பதுதான் சாரம்.

அரசாங்கம் "பயங்கரவாதி" என்று சொன்ன 12 பேர் நாலு மாதத்தில் வீட்டுக்கு வந்தார்கள். உயிரோடு இருந்ததால் வந்தார்கள்.

கெப்போங் காளை:

இது எனக்குத் தெரியும், அதில் ஒருத்தரின் சொந்தக்காரர் எங்க தாமான்தான். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக வெட்கப்பட்டுச்சாம். சரி, டீச்சர் சொன்னதை ஒத்துக்கிறேன். ஆனா அவ்லாகி கேஸ் அப்படி இல்லையே, அவர் வீடியோவிலேயே பேசியிருக்கார்.

கறுப்புக்கோட்டுக்காரி (கே.எல்.):

வீடியோவில் பேசியது வழக்குப் போட நல்ல ஆதாரம் காளை. வழக்கைத்தான் போடவே இல்லையே.

டீச்சர் சொன்ன கைப்பிடியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது என் அன்றாட வேலை. பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவர வேண்டும், அதே 5ஆவது பிரிவில் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்காகக் காலையில் லோக்காப்புக்கு (போலீஸ் காவல் அறைக்கு) போவேன். வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள், காலில் செருப்பு இருக்காது. எனக்கு ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். "தம்பி, எதுக்குப் பிடிச்சாங்க, அடிச்சாங்களா, மருந்து ஏதாவது சாப்பிடுறியா, வீட்டுக்குத் தெரியுமா?" இதுதான் எல்லோரிடமும் கேட்பது. விசாரணை அதிகாரி ஏழு நாள் கேட்பார். நான் எழுந்து, வாக்குமூலம் எடுத்தாகிவிட்டது, பொருளும் கைப்பற்றியாகிவிட்டது, இன்னும் ஏழு நாள் எதற்கு என்று கேட்பேன். மாஜிஸ்திரேட் சில சமயம் மூன்று நாள் கொடுப்பார், சில சமயம் கேட்டதையே கொடுத்துவிடுவார். பெரிய வீரமெல்லாம் இல்லை. ஆனால் அந்த அதிகாரி, "ஏன்?" என்று ஒருவர் கேட்பார் என்று தெரிந்துதான் கோப்போடு வருகிறார். வெளிச்சமான அறையில் ஒருவர் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கிறார், வீக்கம் இருந்தால் தெரிகிறது.

ட்ரோன் பட்டியலில் அந்த "ஏன்?" கேட்கிற ஆள் கிடையாது. உள்ளே கேட்கிறார்கள் என்பார்கள். உள்ளே கேட்பவர்கள் எல்லோரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

உலு யாம் ராஜன்:

நம் பக்கத்திலேயே இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பத்தாங் காலி. 1948 டிசம்பர் 12. பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டது. தப்பியோட முயன்ற கொள்ளைக்காரர்கள் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே, தப்பி ஓடுகிறவனைத் தடுக்கச் சுடலாம் என்று அவசரகால விதிகளில் 27ஏ சேர்த்தார்கள், அதற்கு முன் நடந்ததற்கும் பொருந்தும்படி! சுட்ட பிறகு சட்டம் எழுதுவது அமெரிக்கா கண்டுபிடித்தது இல்லை. குடும்பங்கள் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2015இல் பொது விசாரணை கிடையாது என்று முடிந்தது. காலம் கடந்துவிட்டதாம்.

பிறை மணியம்:

பத்தாங் காலி கொலை. அதில் எனக்கு வாதமே இல்லை. நான் சீருடை போட்டவன் என்பதால் அதை நியாயப்படுத்துவேன் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் நான் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அரசாங்கம் இல்லாத மலை, போலீஸ் போக முடியாது, அடுத்த மாதம் இன்னொரு விமானம். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நீதிபதிக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருப்பதா?

கறுப்புக்கோட்டுக்காரி (கே.எல்.):

நேர்மையான கேள்வி அண்ணே, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உடனே தடுக்காவிட்டால் ஆட்கள் சாவார்கள் என்ற நிலையில் சுடுவதை எந்தச் சட்டமும் முழுசாகத் தடுக்கவில்லை. நான் கேட்பது இரண்டு. அவகாசம் இருந்தால் முன்னால் குற்றம் சாட்டு. ஆள் இல்லாவிட்டாலும் அவன் சார்பில் ஒரு வக்கீலை நியமித்து நீதிபதி முன் வாதாட விடு. அவகாசம் இல்லாமல் சுட்டால், பின்னால் வந்து பதில் சொல்.

இரண்டாவது நடக்கிற காரியம்தான். 1988 மார்ச்சில் ஜிப்ரால்டரில் ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) ஆட்கள் மூன்று பேரை பிரிட்டிஷ் சிறப்புப் படை தெருவில் சுட்டது. கையில் ஆயுதம் இல்லை, அவர்கள் வந்த காரில் குண்டும் இல்லை. ஆனால் அப்பாவிகளும் இல்லை, வெடிமருந்து வைத்த கார் பிறகு ஸ்பெயினில் கிடைத்தது. அங்கே மரண விசாரணை நடந்தது. சுட்ட வீரர்கள் திரைக்குப் பின்னால் நின்று சாட்சி சொன்னார்கள். சட்டப்படியான கொலை என்று ஜூரி 9க்கு 2 சொன்னது. குடும்பங்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1995இல் அந்த நீதிமன்றம், சுட்ட வீரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் மேலதிகாரிகள் சொன்னதை நம்பிச் சுட்டார்கள் என்றது. ஆனால் எல்லையிலேயே நிறுத்தியிருக்கலாம், திட்டமிட்ட விதம் தப்பு என்று 10க்கு 9இல் பிரிட்டன் உயிர்வாழும் உரிமையை மீறியது என்று முடிவு செய்தது. குண்டு வைக்க வந்தவர்கள் என்பதால் நஷ்ட ஈடு ஒரு காசு கொடுக்கவில்லை, வழக்குச் செலவு மட்டும். எனக்கு இது சரியான அளவாகத் தெரிகிறது.

பிறை மணியம்:

10க்கு 9. ஒரே ஓட்டு. அந்த ஒருவர் மாறி உட்கார்ந்திருந்தால்?

லட்சுமி டீச்சர் (பட்டர்வொர்த்):

மாறியிருந்தாலும் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரிந்திருக்கும் அண்ணே. எல்லையில் ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்வி அந்த விசாரணைகளில்தானே வெளியே வந்தது.

பிறை மணியம்:

முன்னாலேயே நீதிபதியிடம் போவது எனக்கு ஒத்து வராது. காட்டில் இருந்தவனுக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும். பின்னால் வந்து பதில் சொல்வது, சரி, அதை எங்களிடமும் கேட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு எழுதியிருக்கிறேன். எழுதாவிட்டால் விட மாட்டார்கள்.

கறுப்புக்கோட்டுக்காரி (கே.எல்.):

அந்தக் கணக்கைக்கூட அமெரிக்கா நீதிமன்றத்தில் கொடுக்கவில்லை அண்ணே. மகனும் பேரனும் செத்த பிறகு அவ்லாகியின் அப்பா மறுபடி வழக்குப் போட்டார், அதிகாரிகள் மீதே. 2014 ஏப்ரலில் நீதிபதி ரோஸ்மேரி காலியர் தள்ளுபடி செய்தார். போர் சம்பந்தப்பட்ட முடிவுக்காக அதிகாரிகளிடம் தனிப்பட்ட முறையில் நஷ்ட ஈடு கேட்க வழியில்லை என்றார். கொல்லும் முன்னால் போனால் இது உன் வழக்கு இல்லை, நீதிமன்றம் தலையிடும் விஷயமும் இல்லை. கொன்ற பின் போனால் பரிகாரம் இல்லை.

பிறை மணியம்:

16 வயதுப் பையனுக்குமா? அது தப்பு. அந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மற்றதில் இல்லை.